மேலும் கீழும் தணல்

அலுமினியச் சட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணல். மணலின்மேல் கவிழ்த்துவைத்த ஒரு தகர மூடி. அதன்மேல் மக்ரோனி நிரப்பிய தட்டு. சட்டியை மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைக் கரண்டியால் அள்ளிப் பரப்பிவிட்டு அத்தை சொன்னார்: "சும்மா சும்மா தொறந்து பாக்காத தம்பி. வாசம் வரும், அப்ப எடுப்போம்."

அத்தையின் ஊரான எல்கடுவ மாத்தளை மாவட்டத்தின் தென் ஓரத்தில் இருக்கிறது. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், தேயிலைக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே ஒரு சிறு கடைத்தெரு. பக்கத்தில் ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி. அத்தையின் அப்பா இந்தப் பக்கத்துப் பங்களா ஒன்றில் அப்புவாக இருந்தவர். சமையலும் மேசையும் பார்ப்பவரைத் தோட்டத்தில் அப்பு என்றுதான் அழைப்பார்கள். துரைக்கு விருந்தாளி வரும் நாளில் அவர் தவறாமல் செய்தது, சீஸும் வெள்ளைச் சாறும் சேர்த்துச் சுட்ட மக்ரோனி. வீட்டில் எப்போதாவது செய்தாரா என்று கேட்டேன். "வீட்டுலயா? செஞ்சதே இல்ல. சீஸ் ஏது, பங்களா அடுப்பு மாதிரி அடுப்பு ஏது?" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை இந்தப் பலகாரத்தின் வரலாற்றுக்குள் இழுத்தது. மலையகத்து உணவைப் பற்றி எழுதும்போது நாம் ரொட்டியையும் சம்பலையும் கருவாட்டையும் எழுதுகிறோம். அது சரிதான். ஆனால் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேலைசெய்த பங்களாக் குசினியை வெள்ளைக்காரர் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கே பழகிய கை யாருடையது என்று கேட்பதில்லை. சுட்ட மக்ரோனி ஆங்கிலேயரின் உணவு என்றால், அதைக் கிளறிய கையும் சூடு பார்த்த கண்ணும் எந்தக் கணக்கில் வரும்?

ஐரோப்பாவில் இதன் தடம் பழையது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் ஏறத்தாழ 1390இல் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற சமையற் சுவடியில் 'மக்கெரூன்ஸ்' என்றொரு பண்டம் இருக்கிறது. மாவைத் தகடாகத் தேய்த்து, துண்டுபோட்டு, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயையும் துருவிய சீஸையும் கீழும் மேலுமாகப் போடச் சொல்கிறது அது. அடுப்புக்குள் வைக்கும் வேலை அப்போது இல்லை. 1769இல் எலிசபெத் ராஃபால்ட் எழுதிய 'தி எக்ஸ்பீரியன்ஸ்டு இங்கிலிஷ் ஹவுஸ்கீப்பர்' நூலில்தான் நமக்குத் தெரிந்த வடிவம் கிட்ட வருகிறது: பாலாடை, மாவில் உருட்டிய வெண்ணெய், மேலே வாட்டிய பார்மசான் சீஸ். ராஃபால்ட் அம்மையார் செஷயரில் ஆர்லி ஹால் என்ற மாளிகையில் வீட்டு நிர்வாகியாகச் சம்பளத்துக்கு இருந்தவர். வேலைக்காரியாக இருந்த ஒரு பெண் தன் பெயரில் நூல் போட்டார் என்பது எனக்கு அந்தச் செய்முறையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1861இல் வந்த திருமதி பீட்டனின் நூலோ மக்ரோனியை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக வேகவைக்கச் சொன்னது. கப்பலேறிக் காலனிகளுக்கு வந்த துரைசாணிகள் பலரின் பெட்டியில் இருந்தது அந்த நூல்தான்.

நமக்குக் கிட்டிய சாட்சி சென்னையிலிருந்து வருகிறது. கர்னல் ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' 1878இல் சென்னையில் வெளியானது. முட்டை, மக்ரோனி, சீஸ் பற்றியெல்லாம் அக்கறையாக எழுதியிருக்கிறார். டின்னில் வரும் மேல்நாட்டுச் சாமான்களையே நம்பியிருந்த மேசைகளைக் கடிந்துகொள்கிறார்; இருட்டிலும் புகையிலும் கிடந்த குசினிகளைக் கண்டு கோபப்படுகிறார். நல்ல எழுத்துக்காரர். ஆனால் சென்னைச் சமையற்காரரை அவர் பொதுவாக அழைக்கும் பெயர் ஒன்றே ஒன்று: 'ராமசாமி'. எத்தனை வீடு, எத்தனை ஆள்! அத்தனை பேருக்கும் ஒரே ராமசாமி. அந்த ராமசாமிக்குக் கற்றுக்கொடுத்தால் எதையும் பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அவர் எழுத்தில் இருக்கிறது. கற்றுக்கொண்ட பிறகு ராமசாமி தன் அறிவால் அதில் என்ன மாற்றினார் என்பதை மட்டும் எங்கும் தேட முடியாது.

இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்கவேண்டிய நூல் ஒன்று உண்டு. டேனியல் சந்தியாகோ என்பவர் எழுதிய 'தி கறி குக்ஸ் அசிஸ்டன்ட்' 1889இல் லண்டனில் வெளிவந்தது. தன்னை வீட்டு வேலைக்காரர் என்றும் பட்லர் ஒருவரின் மகன் என்றும் முன்பக்கத்திலேயே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இலங்கையில் துரைமார் வீட்டில் பழகிய கை அவருடையது. இலங்கைத் தோட்ட முதலாளி ஒருவரின் முன்னுரையோடு வந்த அந்த நூலில், தான் செய்த கறிகளை இங்கிலாந்துக் குசினியில் எப்படிச் செய்வது என்று தன் நடையிலேயே சொல்கிறார். எனக்கு இதை நினைத்து மிகுந்த பெருமை. கூடவே ஓர் ஆதங்கமும். துரைமார் மேசைக்கு இரண்டு வகையும் சமைக்கத் தெரிந்த ஒருவரிடம் உலகம் கறியை மட்டும்தான் கேட்டது. கறி அவருக்கு ஊரால் வந்த அறிவு. மக்ரோனியும் ரோஸ்டும் புடிங்கும் எசமானின் சொத்து, அவர் வெறுமனே பரிமாறுகிறவர். இந்தப் பாகப்பிரிவினை அன்றைக்கே நடந்துவிட்டது. நாமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, நம் தாத்தாமாரின் வித்தையில் பாதியை மறந்துபோனோம்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆனால் அங்கே அதைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1802இல் தன் அதிபர் மாளிகை விருந்தில் மக்ரோனிப் பை பரிமாறியதை விருந்துக்கு வந்த ஒருவர் குறித்துவைத்தார். நெடுங்காலம் 'ஜெஃபர்சன் கொண்டுவந்த உணவு' என்றே பேசினார்கள். ஆனால் ஜெஃபர்சனோடு 1784இல் பாரிஸுக்குப் போய் அங்கே பிரெஞ்சுச் சமையலை முறையாகப் பயின்றவர் அவருடைய அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ். தம்பி பீட்டருக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த பிறகே 1796இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. போகுமுன் குசினியில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தன் கையெழுத்தில் ஒரு பட்டியல் எழுதிவைத்தார். அது இன்றும் இருக்கிறது. எத்தனை செப்புச் சட்டி, எத்தனை அச்சு என்று எழுதிய அந்தக் கைதான் இந்த வரலாற்றின் ஆதாரம் என்று இப்போது அங்கே ஏற்கிறார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் 1824இல் அச்சிட்ட மக்ரோனிச் செய்முறை அப்படிப்பட்ட குசினிகளிலிருந்து வந்ததுதான்.

கரீபியன் தீவுகளில் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பார்படோஸிலும் டிரினிடாட்டிலும் மக்ரோனிப் பை இன்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் நடுநாயகம். முட்டை சேர்த்து இறுகச் சுட்டு, கேக் மாதிரி சதுரமாக வெட்டிக் கோழிக் குழம்போடு வைக்கிறார்கள். கரும்புத் தோட்டத்து எசமான் வீட்டிலிருந்து இறங்கிய பண்டம், அடிமைகளின் பேரர்கள் மேசையில் அவர்கள் ஊர்ப் பலகாரமாகவே ஆகிவிட்டது. டிரினிடாட்டுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் உண்டு. அவர்களின் கொள்ளுப்பேரன்கள் அதை 'நம்ம சாப்பாடு' என்று சொல்லுகிறார்கள். அதே காலத்தில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி, என் அத்தை, 'வீட்டுல செஞ்சதே இல்ல' என்கிறார். ஏன் இந்த வேறுபாடு?

பெரிய காரணம் அடுப்பு. சுடுவதற்கு மூடிய சூடு வேண்டும். நம் மொழியில் அந்த மூடிய அடுப்புக்குரிய சொல்லே வெளியிலிருந்து வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பாண் சுடும் அடுப்பைப் போறணை என்கிறோம். போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ'தான் அது. பாணும் அவர்கள் தந்த சொல், குசினியும் அவர்கள் தந்த சொல். சமையற்காரரைக் குறிக்கும் கோக்கி ஒல்லாந்தர் கொடுத்தது. ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் விறகில் எரியும் இரும்பு அடுப்பு வந்தது. அதன் வயிற்றுக்குள் சுடுவதற்கு ஓர் அறை. இப்படி வந்துசேர்ந்த சூடு பேக்கரியிலும் பங்களாவிலும் மட்டும் தங்கிவிட்டது. லயத்துக்கு வரவில்லை.

லயம் என்றால் என்னவென்று மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளின் வரிசை. பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒரு குடும்பத்துக்கு. முன்னால் திண்ணை, திண்ணை ஓரத்தில் விறகடுப்பு. அந்தப் புகைக்குள் ரொட்டிக்கல் சூடாகும், சட்டி கொதிக்கும். மூடிய சூட்டுக்கென்று அங்கே ஓர் அடுப்பு இல்லை. கோப்பிக் காலத்திலேயே மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது அரிசிப் பங்கு. அந்த நடையில் வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மன் மாத்தளை நகர நடுவில் இன்றும் இருக்கிறாள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, மெல்ல மெல்லத் தேயிலை வந்தது. துரை மாறினார், பங்களாவும் குசினியும் அப்படியே இருந்தன.

பிறகு அரிசியும் போனது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. மலையகத்துக் காலைச் சாப்பாடாக ரொட்டி வேர்விட்டதற்கு அந்த ஆண்டுகள் முக்கியமானவை. 1973, 1974இல் உலகமே தானியத்துக்கு அல்லாடியபோது அந்த மாவும் வெட்டப்பட்டது. தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அந்த வருடங்களைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை ஓடத் தொடங்கிய பிறகு கோதுமை மா எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளானது. ஆக, மக்ரோனியின் மூலப்பொருள் லயத்துக்குள் வந்துவிட்டது. வராதது சூடு.

இங்கேதான் நம் பெண்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாகவேண்டும். சூடு இல்லாத இடத்தில் அவர்கள் ஆவியைப் பிடித்தார்கள்.

நமக்கு நூல் உணவு புதிதில்லை. இடியப்பம் தமிழ்நாட்டில் முதல் நூற்றாண்டு அளவிலேயே வழங்கியதாகச் சங்க இலக்கியத்தைக் கொண்டு உணவு வரலாற்று அறிஞர் கே.டி. அச்சயா சொல்கிறார். கொங்கில் அது சந்தகை, வேறு ஊர்களில் சேவை, மலபாரில் நூல்புட்டு, சிங்களத்தில் இந்தி ஆப்ப, மலேசியாவில் புட்டு மாயம். எல்லாமே அரிசி. கோதுமை மாவில் இடியப்பம் பிழியவேண்டுமென்றால் ஒரு சிக்கல்: பச்சை மாவில் தண்ணீர் விட்டதும் அதிலுள்ள புரதம் பிசுபிசுவென்று இழுபடும், உரலின் துளையில் இறங்காது, இறங்கினாலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். ரொட்டிக்கு அந்த இழுவை வேண்டும், இடியப்பத்துக்கு ஆகாது. இதற்கு இலங்கைத் தமிழ்க் குசினி கண்ட வழி, மாவையே முதலில் அவித்துவிடுவது. மாவைத் துணியில் கட்டி ஆவியில் வைத்து, கட்டியானதைச் சுடச்சுட உடைத்து அரிதட்டில் அரித்தெடுப்பார்கள். அவிந்த மாவில் அந்தப் புரதத்தின் இழுவை செத்துப்போகும். பிறகு கொதிநீர் விட்டுக் குழைத்து உரலில் போட்டால் மல்லிகை நிறத்தில் நூல் இறங்கும். அந்த நூலை மறுபடியும் தட்டில் வைத்து அவிக்கவேண்டும். ஒரே மா, இரண்டு தடவை ஆவி.

இத்தாலியர் வேறு வழியில் போனார்கள். துரம் என்ற கடினக் கோதுமையின் ரவையைக் குறைந்த தண்ணீரில் அழுத்திப் பிசைந்து, அச்சில் தள்ளி, காயவைத்து, இழுவையையே எலும்பாக்கினார்கள். அதனால்தான் மக்ரோனி கொதிநீரில் வெந்த பிறகும், சாற்றோடு அடுப்புக்குள் அரை மணி நேரம் கிடந்த பிறகும், குழாய் குழாயாகவே நிற்கிறது. இடியப்பமோ பிழிந்த ஒரு மணி நேரத்தில் அதன் அழகில் பாதியை இழக்கும். ஆறினால் மாச்சத்து மறுபடி இறுகும், நூல் வறளும். சொதியும் தேங்காய்ப்பாலும் அதன் பக்கத்திலேயே இருப்பதற்கு அது ஒரு காரணம். இரண்டு நாகரிகங்கள் ஒரே தானியத்தின் ஒரே குணத்தை எடுத்து, ஒன்று வளர்த்தது, ஒன்று அடக்கியது. இதில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். ஆனால் அவித்த மாவின் அறிவை உலகச் சமையல் நூல்கள் பாஸ்தாவுக்குக் கொடுக்கும் மரியாதையோடு எழுதும் நாள் இன்னும் வரவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

சட்டிக்குத் திரும்புகிறேன். சாறு செய்தது இப்படி: இரண்டு மேசைக்கரண்டி மாஜரினை உருக்கி, அதே அளவு கோதுமை மாவைப் போட்டு, பச்சை வாசம் போகும்வரை வறுத்து, இரண்டு தம்ளர் காய்ச்சிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி விழாமல் கலக்கினார் அத்தை. இந்த மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. சீஸை வெறும் பாலில் போட்டுச் சூடேற்றினால் கொழுப்பு தனியாகவும் புரதம் நாராகவும் பிரியும். வெந்த மாச்சத்து நடுவில் நின்று இரண்டையும் பிரியவிடாமல் வைத்திருக்கும். டின்னில் வந்த பதப்படுத்திய சீஸுக்கு அந்தக் கவலை குறைவு. 1916இல் ஜேம்ஸ் கிராஃப்ட் காப்புரிமை பெற்ற முறையால் அது கெடாமலும் பிரியாமலும் உருகும், அதனால்தான் குளிர்பெட்டி இல்லாத காலத்து மலைப் பங்களாவுக்கு ஏற்றதாக இருந்தது. நாங்கள் போட்டது மாத்தளைக் கடையில் வாங்கிய உள்ளூர்ச் சீஸ்.

கடைசியில் அத்தை முற்றத்துப் பக்கம் போய் ஒரு சாதிக்காயை எடுத்துவந்து, ஓட்டை உடைத்து, சாற்றின்மேல் நான்கு தடவை துருவினார். வெள்ளைச் சாற்றில் சாதிக்காய் போடுவது ஐரோப்பியச் சமையலின் பழைய பழக்கம். சாதிக்காயின் தாய்வீடு இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகள். அதற்காக ஒல்லாந்தர் நடத்திய கொடுமைகள் தனி வரலாறு. ஆனால் மரம் இங்கே கண்டி, மாத்தளைச் சரிவுகளின் ஈரத்தில் சொந்த மண் போல வளர்கிறது. "அப்பா எப்பவும் நம்ம மரத்துக் காயத்தான் கொண்டுபோவாரு. கடையில வர்ற பொடி செத்த பொடின்னு சொல்லுவாரு" என்றார். மிளகும் இந்த மலைக் கொடியில் காய்த்தது. வீட்டில் ஒரு தடவைகூடச் செய்யாத பண்டத்துக்குத் தன் வாசல் மரத்துக் காயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போன மனிதரைப் பற்றி நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. எந்தத் துரைசாணியின் நூலும் அந்த மரத்தை அவருக்குக் காட்டியிருக்காது.

மேலும் கீழும் தணல் வைக்கும் முறையும் பங்களாவில் கற்றுக்கொண்ட ஒன்றில்லை. இந்தத் தீவில் நெடுநாளாக இருப்பது. சிங்கள வீடுகளில் பிபிக்கன் அப்படித்தான் சுட்டார்கள். பழைய நாளில் ஆப்பச்சட்டியின் மூடியிலும் தணல் வைப்பார்கள். மணல் அடியில் சூட்டைப் பரவவிடும், மேல்தணல் மேற்பரப்பைச் சிவக்கவைக்கும். ஆக, போறணை இல்லாவிட்டாலும் வழி இருந்தது. இல்லாமல் போனது சீஸ் வாங்கும் காசும், இது நமக்கும் ஆகும் என்ற நினைப்பும்.

வாசம் முப்பத்தைந்து நிமிடத்தில் வந்தது. முதலில் பால் காய்ந்த வாசம், பிறகு வெண்ணெய், கடைசியில் லேசாகக் கருகும் சீஸ். மூடியைத் தணலோடு தூக்கினால் சாம்பல் கொட்டும் என்று அத்தை முதலில் தணலை ஓர் ஓரமாக ஒதுக்கினார். நடுவில் பொன்னிறம், விளிம்பில் காப்பி நிறம். ஒரு பக்கம் சூடு கூடி இரண்டு குழாய் கரிந்திருந்தது. தட்டைத் திருப்பாமல் விட்டது என் பிழை. பிள்ளைகள் நடுப்பகுதியை விட்டுவிட்டு விளிம்பில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டச் சண்டை போட்டார்கள்.

ஒதுக்கிய தணல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. "நெருப்பு வீணாப் போகுதே" என்று அத்தை உள்ளே போனார். காலையில் மிஞ்சிய அவித்த மா இடியப்பம் ஏழெட்டு இருந்தது, வறண்டு போய். அவற்றை உதிர்க்காமல் தட்டில் அடுக்கி, சட்டியின் அடியில் மிஞ்சிய வெள்ளைச் சாற்றைத் தேங்காய்ப்பால் விட்டு இளக்கி மேலே ஊற்றினார். ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் வெங்காயம். சீஸ் தீர்ந்திருந்ததால் தேங்காய்த்துருவல். மறுபடியும் மணல், மூடி, தணல்.

இந்தத் தடவை இருபது நிமிடம்தான். அடி நூல் பாலைக் குடித்து மெத்தென்று இருந்தது; மேல் நூல் மொறுமொறுவென்று. அத்தை அதைக் கத்தியால் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டோடும் கட்டைச் சம்பல் வைத்துக் கொடுத்தார்.